மேலே பாலம் வரட்டும், கீழே சைக்கிளுக்கு இடம் விடுங்கள்

புதுச்சேரியின் சாலைகளைத் திட்டமிடுகிறவர்களுக்கும், அவற்றைப் போடுகிற பொறியாளர்களுக்கும், போக்குவரத்தை ஒழுங்கு செய்கிற காவலர்களுக்கும் வணக்கம்.

இந்திரா காந்தி சதுக்கத்தையும் ராஜீவ் காந்தி சதுக்கத்தையும் இணைக்கும் உயர்மட்டப் பாலத்துக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம், 436 கோடி ரூபாய்த் திட்டம். அந்த இரண்டு சதுக்கங்களிலும் சிக்கித் தவிக்காதவர் இந்த ஊரில் யாரும் இருக்க முடியாது. வெளியூருக்குப் போகிற பஸ்ஸும் லாரியும் காரும் சிக்னலில் நிற்காமல் மேலேயே போய்விட்டால் எல்லோருக்கும் நல்லதுதான். பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலத்துக்கு அடியில் இருக்கப்போகிற சாலையைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல். அந்தத் தரை யாருக்கு முதலில் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். தூண் எழும்பிவிட்டால் அப்புறம் நகர்த்த எதுவும் இருக்காது.

நான் மூலகுளத்தில் குடியிருக்கிறேன். நேரு வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். போக வர சைக்கிள்தான். ரெட்டியார்பாளையம், இந்திரா காந்தி சதுக்கம், நெல்லித்தோப்பு, மறைமலையடிகள் சாலை, பஸ் நிலையம், அண்ணா சாலை என்று என் வழி போகும். ஸ்கூட்டி ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கடையில் கேட்பார்கள். எனக்குச் சைக்கிள் போதும். பெட்ரோல் செலவு இல்லை. நேரு வீதியில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற உடம்புக்கு அந்த மிதி வேண்டியிருக்கிறது. இது என் விருப்பம். ஆனால் இந்த ஊரில் சைக்கிள் மிதிக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது விருப்பமா என்று கேட்கிற நிலையே இல்லை.

காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் ரெட்டியார்பாளையம் சாலையோரம் நின்று பாருங்கள். சாக்குப் பையில் கரணையும் ரசமட்டமும் சொருகிக் கேரியரில் கட்டிக்கொண்டு கொத்தனார் போவார். ஹேண்டில்பாரில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு சித்தாள் போவார். இரவு காவல் முடித்து எதிர்ப்பக்கம் வீடு திரும்புகிற செக்யூரிட்டி, கண் செருகச் செருக மிதித்துக்கொண்டு வருவார். பேப்பர் போடுகிற பையன், பாண்லே பூத்திலிருந்து பால் பாக்கெட் வாங்கிப்போகிற பெரியவர், நாலைந்து வீட்டு வேலைக்கு ஓடுகிற பெண்கள், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். இவர்கள் எல்லாரும் உங்கள் சாலையின் ஓரத்தில், மண்ணுக்கும் தாருக்கும் இடையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஹாரன் அடிக்க மாட்டார்கள், புகார் எழுத நேரம் இருக்காது. அதனால்தான் இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை என்று நினைக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயம், வீட்டுத்தொழில் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களிடம் எதில் போகிறீர்கள் என்று கேட்டது. நாடு முழுவதும் நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிள் என்று சொன்னார்கள். பைக், ஸ்கூட்டரில் போனவர்களைவிடச் சற்றே அதிகம். அதற்குப் பிறகு பைக் பெருகியிருக்கும், உண்மை. ஆனாலும் சாலை வரைபடத்தில் ஒரு கோடுகூட இல்லாத அளவுக்கு நாங்கள் குறைந்துபோய்விடவில்லை.

என் அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். 1898 இல் தொடங்கிய அந்த ஆலை பின்னால் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆகி, 2020 இல் மூடப்பட்டது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் கடலூர் சாலை முழுக்கச் சைக்கிளாக வரும் என்றும், லாரிக்காரர்களே ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்கள் என்றும் அப்பா சொல்வார். கூட்டமாகப் போனார்கள், அதனால் மரியாதை இருந்தது. இன்றைக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போகிறோம். கூட்டம் கொடுத்த அந்தப் பாதுகாப்பை இனிச் சாலைதான் கொடுக்க வேண்டும்.

இந்த ஊர் சைக்கிளுக்கு ஏற்ற ஊர். கோரிமேட்டு ஏற்றத்தை விட்டால் பெரும்பாலும் சமதரை. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் என்று எங்கிருந்து கிளம்பினாலும் பெரிய மார்க்கெட் எட்டுகிற தூரம்தான். வில்லியனூரிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். ஆசிரமத்துப் பெரியவர்கள் தள்ளாத வயதிலும் சைக்கிளில்தான் போகிறார்கள். பக்கத்தில் ஆரோவில் காட்டுக்குள் சைக்கிளுக்கென்றே பாதைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாடகைச் சைக்கிள் எடுத்து வெள்ளை நகரத்தைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படங்களில் தெரிகிற அமைதி, வெள்ளை நகரத்தின் எல்லையான பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நகர நகரக் குறைந்துகொண்டே வந்து நெல்லித்தோப்பு சிக்னலில் சுத்தமாக இல்லாமல் போகிறது. சுற்றுலாப் பயணியின் சைக்கிளுக்குக் கிடைக்கிற சாலை, சித்தாளின் சைக்கிளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அந்த ஓரத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தெரியாது.

நான் காலையில் கிழக்கே போகிறேன், மாலையில் மேற்கே திரும்புகிறேன். இரண்டு வேளையும் வெயில் நேர் முகத்தில். எனக்குப் பின்னால் வருகிற வண்டிக்காரருக்கும் அதே வெயில், அதே கண்ணில். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் போகிற பஸ்ஸைப் பார்ப்பார். பஸ்ஸின் நிழலில் ஓரமாகப் போகிற சைக்கிளைப் பார்க்க மாட்டார். அதனால் பின்னால் ஹாரன் கேட்டதுமே ஓரத்துக்கு ஒதுங்குவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த ஓரத்தில்தான் ஆபத்து.

சாலை மேல் சாலை போட்டுப் போட்டு, தார் விளிம்பு மண்ணைவிட நாலு விரல் உயரத்தில் நிற்கிறது. ஒதுங்கும்போது முன்சக்கரம் அந்த விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கிவிடும். அதில் பெரிய சிக்கல் இல்லை. திரும்பத் தாரில் ஏற வேண்டுமே, அங்கேதான் சிக்கல். சக்கரம் விளிம்போடு சாய்வாக உரசிக்கொண்டே போகும், ஏறாது. ஹேண்டில்பாரை நீங்கள் வலப்பக்கம் திருப்புவீர்கள், சக்கரமோ விளிம்பு இழுத்த இழுப்புக்குப் போகும். உடம்பு சாலைப் பக்கம் சாயும். அதாவது விழுந்தால் மண்ணில் விழ மாட்டோம், பின்னால் வருகிற வண்டிக்கு முன்னால்தான் விழுவோம். இதைத் தெரிந்த சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று தூக்கி வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பது? மேல்தார் போடும்போது விளிம்பைச் சரிவாக இழுத்துவிட்டால் இந்த ஆபத்தே இருக்காது. அதற்கு ஆகிற கூடுதல் செலவு 436 கோடியில் கண்ணுக்கே தெரியாது.

வாய்க்கால் மூடிகளும் அப்படித்தான். இரும்புக் கம்பி வைத்த மூடியில் கம்பிகள் சாலை போகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தால், சைக்கிள் டயர் இரண்டு கம்பிக்கு நடுவில் இறங்கி நின்றுவிடும். சைக்கிள் நிற்கும், மிதிக்கிறவர் நிற்க மாட்டார். அதே மூடியைக் குறுக்குவாக்கில் திருப்பி வைத்தால் டயர் மேலே உருண்டு போய்விடும். புதிய மூடி வாங்கக்கூட வேண்டாம், வைக்கிற ஆள் திசை பார்த்து வைத்தால் போதும்.

நான் சைக்கிள் விடுகிற பஞ்சர் கடைக்காரர் ரெட்டியார்பாளையத்தில் நெடுநாளாகக் கடை வைத்திருப்பவர். "இன்னாம்மா, திரும்பவும் முன்வீலு கோட்டமா?" என்பார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸ் துண்டை அசையாமல் பிடிப்பார். கோணல் இருக்கிற இடத்தில் மட்டும் ரிம் வந்து சாக்பீஸில் பட்டு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து எந்த ஸ்போக்ஸை இறுக்கணும், எதைத் தளர்த்தணும் என்று முடிவு செய்வார். கோடு நீளமாக இருந்தால் பள்ளத்தில் விட்டது, குட்டையாக ஒரே இடத்தில் ஆழமாக இருந்தால் சிலாப் முனையில் இடித்தது என்று சொல்லிவிடுவார். கடைக்கு வருகிற சைக்கிளில் பாதிக்கு மேல் முன்சக்கரக் கோட்டம்தான் என்றும், கடல் காற்றில் ஸ்போக்ஸ் வேறு சீக்கிரம் துருப்பிடித்துப் போகிறது என்றும் சொன்னார். "சைக்கிள் மேல ஒண்ணும் குத்தமில்லம்மா, எல்லாம் ரோடு பண்ற வேலை." ஊரின் ஓரங்கள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள நீங்கள் தனியாக ஆய்வு நடத்த வேண்டாம். இவரைப் போல ஊர் முழுக்க இருக்கிற பஞ்சர் கடைக்காரர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் தெருவாரியாகச் சொல்வார்கள்.

பஸ்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு நேரத்துக்கு நேரம் டிரிப் அடிக்கிற நெருக்கடி இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் சைக்கிளைத் தாண்டிப் போன கையோடு அதன் மூக்குக்கு முன்னாலேயே இடப்பக்கம் வெட்டி நிறுத்தத்தில் நிற்பது அன்றாடம் நடக்கிறது. பிரேக் கட்டையை நம்பித்தான் எங்கள் உயிர் இருக்கிறது. மழையில் ரிம் நனைந்திருந்தால் அந்தக் கட்டையும் உடனே பிடிக்காது. "ஓரமா போம்மா" என்று படியில் நிற்கிற கண்டக்டர் குரல் கொடுப்பார். நான் இருப்பதே ஓரத்தில்தான். அதற்கப்பால் வாய்க்கால். நிறுத்தத்துக்குப் பஸ் ஒதுங்க உள்வாங்கிய இடம் தனியாகவும், அதற்குப் பின்புறமாகச் சுற்றிப்போகச் சைக்கிளுக்கு ஒரு வழியும் இருந்தால், அவரும் நானும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள அவசியமே வராது.

சிக்னலுக்கு வருகிறேன். ஒரு பெரிய சந்திப்பு, கரைக்குக் கரை ஐம்பது மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறவருக்கு அதைத் தாண்டப் பதினைந்து விநாடி வேண்டும். 30 கிலோமீட்டரில் போகிற பைக்குக்கு ஆறு விநாடி போதும். மஞ்சள் விளக்கின் நேரத்தையும், அதன் பிறகு எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கிற நேரத்தையும் பைக்கை மட்டும் மனதில் வைத்துக் குறித்தால், பச்சையின் கடைசி நொடியில் நுழைந்த சைக்கிள்காரர் நட்டநடுவில் இருக்கும்போதே பக்கத்துச் சாலை திறந்துவிடுகிறது. அப்போது நாலாபுறமும் ஹாரன். சிவப்பில் வந்துவிட்டான் என்று திட்டு. அவர் பச்சையில்தான் வந்தார். எல்லாப் பக்கமும் சிவப்பு என்கிற அந்த இடைவெளியில் இன்னும் சில விநாடிகள் கூட்டுங்கள். நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் சைக்கிள்கள் மட்டும் நிற்க ஒரு கட்டம் வரையுங்கள். பச்சை விழுந்ததும் முதலில் நாங்கள் கிளம்பினால், பைக்குகளின் நடுவில் அகப்பட்டு ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் மாட்டிக்கொள்ளாமல் தப்பிப்போம். பெயின்ட் வாளியும் சிக்னல் பெட்டிச் சாவியும் இருந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

இனிப் பாலத்துக்கு அடியில்.

சைக்கிள்காரர் எவரும் மேலே போகப்போவதில்லை. எங்கள் பக்கத்து அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலத்தில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள், கேரியரில் மூட்டை இருந்தால் தொடக்கத்திலேயே இறங்கிவிடுவார்கள். அங்கே தண்டவாளத்தைத் தாண்ட வேறு வழியில்லை, தள்ளுகிறார்கள். இங்கே கீழே சாலை இருக்கப்போகிறது. மேலே போகிற வண்டிகளைக் கழித்துவிட்டால் கீழே நெரிசல் குறைய வேண்டும். குறைந்து மிச்சமாகிற அகலத்தை என்ன செய்யப்போகிறீர்கள்? எதுவும் தீர்மானிக்காமல் விட்டால் அங்கே கார் நிற்கும், டூரிஸ்ட் வேன் நிற்கும், தூண்களுக்கு நடுவே கம்பி வேலி போட்டு நாலு செடி வைப்பார்கள், சைக்கிள் பழையபடி வாய்க்கால் ஓரத்திலேயே போகும்.

இருபுறமும் இடது ஓரத்தில் குறைந்தது இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சைக்கிளுக்கென்று ஒரு தடம் வேண்டும். வெறும் பெயின்ட் கோடாக இருக்கக் கூடாது, சிறு கரை கட்டிப் பிரித்த தடமாக இருக்க வேண்டும். கோடு போட்ட ஊர்களில் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் பைக் நிறுத்தியிருப்பதைத்தான் பார்க்கிறோம். கரை நடுநடுவே விட்டிருந்தால் மழைத்தண்ணீர் வடியும், சைக்கிளும் வேண்டிய இடத்தில் உள்ளே வெளியே போகும். கார் நுழையாமலிருக்கக் கம்பம் நட்டால், மூன்று சக்கரத் தள்ளு சைக்கிள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள். சிலிண்டரும் தண்ணீர் கேனும் அதில்தான் வருகின்றன. பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் விரட்டிவிட்டு எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்து இப்போதே வரைபடத்தில் இடம் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் அவர்கள் தடத்தில்தான் கூடை வைப்பார்கள், வேறு எங்கே போவார்கள்?

பாலத்தின் அடி என்பது சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் தலைக்கு மேல் கூரை. இந்த ஊரில் நான்கு கிலோமீட்டர் நிழலுள்ள சாலை சைக்கிள்காரர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? சந்திப்புகள் வருகிற இடங்களைத் தவிர மற்ற தூரத்துக்காவது தூண்களின் இருபுறமும் அந்த நிழலில் பாதை போட முடியுமா என்று பொறியாளர்கள் யோசிக்க வேண்டும். போட்டால் விளக்குகளை மேலே மட்டும் மாட்டி நிறுத்திவிடாதீர்கள். பாலத்தின் அடி பகலிலேயே மங்கல், இரவு கடையடைத்துத் திரும்புகிற பெண்ணுக்கு அது வெளிச்சமாக இருக்க வேண்டும். பாலத்தின் மேல் விழுகிற மழைத்தண்ணீரைக் குழாய் வைத்துக் கீழே சாலையில் கொட்டவிடுகிற வழக்கமும் வேண்டாம். குழாயை நேராக வாய்க்காலுக்குள் இறக்குங்கள்.

மழை என்றதும் இந்திரா காந்தி சதுக்கம் எல்லோருக்கும் நினைவு வரும். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தாலே அங்கே தண்ணீர் நிற்கும். தண்ணீருக்கு அடியில் பள்ளம் எது, திறந்த வாய்க்கால் எது என்று தெரியாமல், முன்னால் போகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் தெருவில் மறுநாள் ஸ்கூட்டர்கள் சைலன்சரில் தண்ணீர் ஏறி ஸ்டார்ட் ஆகாமல் நின்றன. பாலும் மெழுகுவத்தியும் மாத்திரையும் வாங்கி வந்தவர்கள் சைக்கிள் வைத்திருந்தவர்கள்தான். மின்சாரம் இல்லை, பெட்ரோல் பங்க் ஓடவில்லை, சைக்கிள் ஓடியது. புயல்கள் வழக்கமாக வருகிற கடற்கரை ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

இவையெல்லாம் அரசு ஏற்காத கொள்கைகள் அல்ல. 2006 ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களுக்கு முன்னுரிமை தராமல் மனிதர்கள் போய்வருவதற்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. சைக்கிள் தடம் எப்படி அமைப்பது என்பதற்கு சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி 1962 இலேயே வந்துவிட்டது, 2015 இல் புதுப்பித்தும் இருக்கிறார்கள். உங்கள் அலுவலக அலமாரியில் அது இருக்கும். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவரும் சைக்கிளும் வண்டியும் கலந்து போகிற இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அறிவித்தது. நம் பழைய நகரத்துக்குள், நான்கு பக்கப் பெருஞ்சாலைகளுக்கு உட்பட்ட தெருக்களில், இதை நாளைக்கே அறிவிக்கலாம். அந்தத் தெருக்களில் 30க்கு மேல் ஓட்ட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

பழைய நகரத்தின் ஒருவழிப் பாதைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். மோட்டார் வண்டிக்கு ஒரு தெரு சுற்றிப்போவது ஒரு நிமிடம். வெயிலில் சுமையோடு மிதிக்கிறவருக்கு அது ஐந்து நிமிடம். அதனால்தான் எதிர்த்திசையில் போகிறார்கள், அதனால்தான் திட்டு வாங்குகிறார்கள், சில நேரம் அடியும் படுகிறார்கள். கூட்டம் குறைந்த குறுக்குத் தெருக்களில் மட்டும், சைக்கிளுக்கு இருவழியாகப் பலகை வைத்து அனுமதிக்கலாம். எந்தெந்தத் தெரு என்பதைப் போக்குவரத்துக் காவலர்களே நன்றாகச் சொல்வார்கள், நாள் முழுக்க அந்த முனையில் நிற்பவர்கள் அவர்கள்தானே.

வண்டியைக் கட்டுப்படுத்தினால் வியாபாரம் போகும், ஊர் நின்றுவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடற்கரைச் சாலையைப் பாருங்கள். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே மோட்டார் வண்டி கிடையாது. நெடுங்காலமாக நடக்கிறது. தினமும் மாலையில் குழந்தையிலிருந்து கிழவர் வரை அங்கே நடக்கிறார்கள், சுண்டல் விற்கிறவருக்கும் ஐஸ்கிரீம்காரருக்கும் அதனால்தான் வியாபாரம். ஊரிலேயே பேர்போன சாலையை இப்படி மனிதர்களுக்கு விட்டுக்கொடுத்த நிர்வாகத்தால், பாலத்துக்கு அடியில் இரண்டு மீட்டர் ஒதுக்க முடியாது என்று நான் நம்பவில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தருவது கட்டுமானம் நடக்கப்போகிற காலம். பாலம் வந்த பிறகு எப்படியோ, அதற்கு முன் வருடக்கணக்கில் அந்தச் சாலையில்தான் நாங்கள் போய்வர வேண்டும். நடுவில் தூணுக்குக் குழி தோண்டித் தகரத் தடுப்பு வைப்பீர்கள். வண்டிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கும். ஒதுங்கி ஒதுங்கி எங்கள் ஓரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும். குழியை மூடிய இரும்புத் தகடு மழையில் வழுக்கும். கம்பியும் ஜல்லியும் கொட்டியிருக்கும். மாற்றுப்பாதை என்று மூன்று கிலோமீட்டர் சுற்றச் சொல்வீர்கள். அது காருக்குச் சில நிமிடம், எங்களுக்குக் கால் மணி நேரம், கூலிக்காரருக்கு அரை நாள் சம்பளம் போகிற தாமதம். ஆகவே ஒப்பந்தம் போடும்போதே எழுதிவிடுங்கள்: எந்தக் கட்டத்திலும் சைக்கிளும் நடப்பவரும் நேராகப் போக ஒன்றரை மீட்டர் வழி இருபுறமும் திறந்திருக்க வேண்டும், அதில் ஜல்லி கொட்டக் கூடாது, இரவில் விளக்கு எரிய வேண்டும், தடுப்பின் முனையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதாமல் வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒரு மாதம்கூட நிற்காது.

வேலை தொடங்குகிற கட்டங்களில் கீழ்ச்சாலையின் வரைபடத்தைத் தமிழில், எல்லோரும் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி, புதுச்சேரி, உழவர்கரை நகராட்சி அலுவலகங்களிலும் வில்லியனூர், அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் ஒட்டி வையுங்கள். கருத்துக் கேட்கிற கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் வைத்தால் கொத்தனாராலும் செக்யூரிட்டியாலும் வர முடியாது. நான் வருகிறேன். எங்கள் தெருவிலிருந்தும் பஞ்சர் கடையிலிருந்தும் வரக்கூடியவர்களை அழைத்து வருகிறேன். எந்த ஓரத்தில் என்ன சிக்கல் என்று அவர்களே காட்டுவார்கள்.

இப்படிக்கு,
மூலகுளத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகிற ஒரு பெண்